லுவாவின் கைராசி

வீட்டுக்கு விட்டுவிடுங்கள் என்று யாரும் சட்டென்று கேட்டுவிடுவதில்லை. ஐசியு கதவுக்கு வெளியே பாய் விரித்துப் பத்துப் பதினைந்து நாள் கிடந்த குடும்பத்திலிருந்து மூத்தவர் ஒருவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். டாக்டரிடம் நேரே போகத் தைரியம் இருக்காது. நர்ஸ் லுவாவைத்தான் தேடுவார்.

"தங்கச்சி, நாங்க வீடு கேக்கலாம்னு இருக்கோம்" என்பார். அதற்குமேல் அவருக்கும் பேச்சு வராது, அவளும் கேட்க மாட்டாள்.

மேகோங் கழிமுகத்து ஊர்களில் அந்த இரண்டு வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. ஆள் பிழைக்க மாட்டார், கருவியிலிருந்து எடுத்துவிடலாம், ஆனால் கடைசி மூச்சு சொந்த வீட்டில், முன்னோர் மாடத்துக்கு முன்னால் போட்ட பலகையில் போகவேண்டும். வழியில் போய்விட்டால் அந்த உடல் வாசற்படி ஏறாது. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே கிடத்திவிடுவார்கள். வெளியில் செத்தவனுடைய ஆவி வீடு தெரியாமல் கால்வாய்க் கரையிலேயே அலையும் என்பார்கள். இதையெல்லாம் சிரித்துத் தள்ளிய டாக்டர்கள்கூடத் தங்கள் அப்பனுக்கு என்று வந்தபோது வீடுதான் கேட்டார்கள்.

வீடு கேட்டுவிட்டால் ஒரு நர்ஸ் கூடப் போகவேண்டும். வென்டிலேட்டரைக் கழற்றி, தொண்டைக்குள் இருக்கும் குழாயில் ரப்பர் ஆம்பு பையை மாட்டி, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை கையால் அழுத்திக்கொண்டே போகவேண்டும். ஆம்புலன்சில், ஃபெர்ரியில், அதற்குப் பிறகு படகில். வீட்டுப் பலகையில் படுக்கவைத்து, உறவுகள் எல்லாம் முகம் பார்த்தபிறகு, குழாயை உருவிவிட்டு வரவேண்டும். ஐசியுவில் யாருக்கும் இந்த வேலை பிடிக்காது. லுவா மட்டும் முகம் சுளிக்காமல் போய்வந்தாள்.

மற்ற நாட்களில் அவள் வேலை எல்லா நர்சுகளுடைய வேலைதான். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, புட்டத்திலும் குதிகாலிலும் புண் வராமல் பார்ப்பது, வாயைத் துடைத்துப் பல் விளக்கிவிடுவது, குழாய் ஒட்டிய பிளாஸ்திரியை மாற்றுவது, சளியை உறிஞ்சி எடுப்பது. ஆனால் செய்கிற விதம் அவளுடையது. நினைவே இல்லாத மனிதனிடமும் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். "பெரியப்பா, இப்போ சளி எடுக்கப்போறேன். இருமல் பொத்துக்கிட்டு வரும். என்னைத் திட்டணும்னா மனசுக்குள்ளயே திட்டிக்குங்க" என்பாள். பத்துக் கட்டில் தள்ளி நிற்கும்போதே எந்தக் கருவி எதற்குக் கத்துகிறது என்று சொல்லிவிடுவாள். சளி அடைத்ததற்கு ஒரு கத்தல், குழாய் மடங்கியதற்கு ஒரு கத்தல். வேறு யாராவது ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அவள் கை அங்கே இருக்கும்.

பிறந்த வரிசை எண்ணை வைத்தே ஆளைக் கூப்பிடுகிற ஊர்ப்பக்கம் அது; வீட்டில் ஆறாம் எண் அவளுக்கு. அதனால் ஆஸ்பத்திரியில் சின்னவர்கள் எல்லாருக்கும் ஆறாமக்கா. "ஆறாமக்கா கூட வந்தா மூச்சு வீடு போய்ச் சேரும்" என்று கால்வாய்க்குக் கால்வாய் பேச்சு இருந்தது. இருபத்துமூன்று வருடத்தில் அவள் கையில் ஒருவர்கூட வழியில் போனதில்லை என்பார்கள். வீடு கேட்பவர்கள் அவளைப் பெயர் சொல்லியே கேட்டார்கள். காரியம் முடிந்தபிறகு வாத்து, மாம்பழம், சிவப்பு ஒட்டரிசிச் சோறு என்று ஏதாவது ஒன்று ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும். அதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

மறைக்கவேண்டிய விஷயம் வேறு. அந்த ஏழு பேர்.

முதல் ஆள் ஒரு மீன்காரி. லுவா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். படகு கால்வாய்க்குள் திரும்பும்போது லுவாவின் விரல் தற்செயலாக அந்தம்மாளின் கழுத்தில் பட்டது. நாடி இல்லை. சற்றுத் தள்ளிக் கரையில் பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். படகோட்டிக்கொண்டிருந்த மகன் திரும்பிப் பார்த்து, "அம்மா இருக்காங்கல்ல?" என்றான். லுவா சொல்ல வாயெடுத்தாள். கை பையை அழுத்தியது. மார்பு எழுந்தது. அவனும் அதைப் பார்த்தான். "இருக்காங்க" என்றாள் அவள்.

அவ்வளவுதான். இதயம் நின்றாலும் பையை அழுத்தினால் மார்பு ஏறி இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அதுதான் மூச்சு. மீன்காரி வாசற்படி ஏறினாள், பலகையில் படுத்தாள், பேரப்பிள்ளைகள் காலைத் தொட்டார்கள். அதன்பிறகுதான் லுவா குழாயை எடுத்தாள், கைக்கடிகாரம் பார்த்தாள், நேரம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆறு பேர். யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை, கட்டின புருஷனிடம்கூட. ஒரு காரணம் நியாயமானது. இது வெளியே கசிந்தால், உண்மையாகவே மூச்சோடு வீடு வந்தவர்களின் குடும்பங்களும் ராப்பகலாக அதையே நினைத்துக்கொண்டிருக்கும். இன்னொரு காரணம் அவ்வளவு அழகானதில்லை. சொல்லிவிட்டால் கைராசி போய்விடும்.

போன மழைக்காலத்தில் வின் ஒரு நோயாளியோடு போனான். வின் முப்பது வயது ஆண் நர்ஸ். நல்ல உழைப்பாளி, அளவு கோடு பார்த்து மருந்து ஏற்றுகிறவன், பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ரகம். கூட்டிப்போன பெரியவர் வீட்டுக்கு மூன்று வளைவு இருக்கும்போதே போய்விட்டார். வின் படகை நிறுத்தச் சொன்னான், ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தான், நேரத்தைச் சொன்னான், மன்னிப்பும் கேட்டான். பாடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி. அந்தப் பெரியவரை இரண்டு நாள் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, கொட்டுகிற மழையில் கிடத்தினார்கள். மூத்த மகன் வின்னின் காலடியில் காறித் துப்பினான். திரும்பக் கொண்டுவிட யாரும் படகு எடுக்கவில்லை. சேற்றில் நடந்தே வந்தான்.

டியூட்டி அறையில் கேலிக்குக் கேட்கவேண்டுமா. "வின், அடுத்த தடவை போறப்ப ஆக்சிஜன் சிலிண்டரை மறந்தாலும் மற, தார்ப்பாயை மறந்துடாத" என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டும் தோங். எல்லாரும் சிரித்தார்கள். பச்சை மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த லுவாவும்தான்.

மற்றவர்கள் போனபிறகு வின் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆறாமக்கா, கேலி இல்லாம சொல்லுங்க. உங்க கையில மட்டும் எப்படி யாருமே வழியில போறதில்ல? நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? வேகமா அழுத்திட்டேனா?"

அவன் கண் சிவந்திருந்தது. அன்றைக்கு அவள் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை, அவசர வேலையும் இல்லை. லுவா மாங்காய்த் துண்டில் மிளகாய் உப்பைத் தொட்டுக்கொண்டு, "எல்லாம் கைராசி, தம்பி. அதுக்கு என்ன செய்ய முடியும்" என்றாள்.

வின் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்விட்டான். அதற்குப் பிறகு வீடு கேட்கிற குடும்பம் எதுவும் அவனோடு போகச் சம்மதிக்கவில்லை.

அவள் புருஷன் சாங் படகு எஞ்சின் மெக்கானிக். கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்கக் கிண்டல். தெருவில் போகிற நாயிடமும் சண்டை இழுக்கிற ஆள். லுவா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள், அத்தனை களைப்பு. சாங் விடமாட்டார்.

"மயங்கிக் கிடக்கிறவன்கிட்ட நாள் முழுக்க வாய் ஓயாம பேசுறியாம். முழிச்சிட்டிருக்கற எங்கிட்ட மட்டும் உம்முனு உக்காந்திருக்க. உங்கிட்ட ரெண்டு வார்த்தை வாங்கணும்னா நானும் மயங்கி விழணும்போல."

"விழுங்க. அந்தப் பக்கமா விழுங்க, இங்க சோத்துப்பானை இருக்கு" என்பாள் லுவா.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எஞ்சின் மேல் குனிந்தபடியே விழுந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. மூளைக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. சைகோன் ஆஸ்பத்திரிக்குத் தலை ஸ்கேன் படத்தை அனுப்பிக் கேட்டார்கள். ஆளை அனுப்ப வேண்டாம், பயனில்லை என்று பதில் வந்தது. லுவா வேலை பார்த்த அதே ஐசியுவில் நான்காம் கட்டிலில் போட்டார்கள்.

ஒன்பது நாள். மற்றவர்கள் தடுத்தும் அவரை அவளேதான் பார்த்தாள். வாயைத் துடைத்தாள், நகத்திடுக்கில் இருந்த கிரீசைப் பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள், குதிகாலுக்கு எண்ணெய் தடவினாள். சளி எடுக்கும் குழாயை உள்ளே விட்டபோது அவருக்கு இருமலே வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள், கண்மணி சுருங்கவில்லை. இதையெல்லாம் செய்தாளே தவிர, ஊரார் நோயாளியிடம் எல்லாம் ஓயாமல் பேசியவளுக்குத் தன் புருஷனிடம் ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தால் தொண்டை அடைத்தது. ஒன்பது நாளும் ஊமையாகவே அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள்.

எட்டாம் நாள் நாத்தனார் தோவா வந்தார். வீட்டில் மூத்தவர், மாடத்துக்கு ஊதுவத்தி வைக்கிற உரிமை அவருடையது. மரத்துப்போன கால்களை நீட்டிப் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"வீடு கேட்டாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"ஏன்? பொழைப்பானா?"

லுவா தலையை ஆட்டினாள்.

"அப்புறம் எதுக்கு அந்தக் கருவியில தொங்கவிட்டிருக்க? ஊரார் வீட்டு மூச்சையெல்லாம் கொண்டுபோய்ச் சேத்தவ நீ. என் தம்பி மூச்சை வீட்டுக்குக் கொண்டாந்து விடு. எங்கப்பா அம்மா முன்னால விடு. அவன் தார்ப்பாய்க்குக் கீழ கிடந்தான்னா நான் உன்னை மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன்." குரல் கடைசியில் உடைந்துபோனது. லுவாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆயிரம் தடவை பிறர் வாயால் கேட்ட வார்த்தையை மறுநாள் காலை லுவா தன் வாயால் சொன்னாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டாக்டர் முன்னால் நின்று, "நாங்க வீடு கேக்கறோம்" என்றாள். இரண்டு வருடமாகக் கூட வேலை பார்க்கிற டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். நாத்தனார் பலகை போட்டுத் தயார் செய்ய முன்னால் கிளம்பிவிட்டார்.

"கூட யாரு? நீயே போயிடேன்" என்றார் தலைமை நர்ஸ்.

"நான் இன்னைக்கு நர்ஸ் இல்ல அக்கா. அவர் பொண்டாட்டி. வின்னை அனுப்புங்க."

"வின்னையா?" தலைமை நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

யோசித்துத்தான் சொன்னாள். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்த மருந்தை நிறுத்திவிட்டால், இரண்டரை மணி நேரப் பயணத்தை சாங் தாங்கமாட்டார் என்று அவள் கணக்குச் சொன்னது. அந்த நிமிஷத்தில் தன் விரல் அவர் கழுத்தில் இருக்கக்கூடாது என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு ஒருவன் அழுத்தட்டும், மார்பு ஏறி இறங்கட்டும், தான் தெரியாமல் இருக்கவேண்டும். மற்ற எல்லாக் குடும்பத்துக்கும் கிடைத்தது தனக்கும் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். பாவம், பெரிய ஆசை இல்லை.

ஆனால் வின்னுக்கு அந்த வித்தை தெரியாதே. அதைச் சொல்லத்தான் அவனைத் தேடித் துணி அலமாரி அறைக்குப் போனாள். அவன் சாங் மேல் போர்த்தச் சுத்தமான விரிப்பு தேடிக்கொண்டிருந்தான்.

"வின்."

"சொல்லுங்கக்கா. நான் வேணாம்க்கா. வேற ஆளைக் கேளுங்களேன். என் ராசி தெரியுமில்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வழியில..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். சொன்னால் மாங்காய் தின்ற அந்த மத்தியானத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். "வழியில எதுக்காகவும் நிறுத்தாத. என்ன ஆனாலும் நிறுத்தக்கூடாது. புரியுதா?"

"தோங் அண்ணன் ஃபெர்ரித்துறையில காப்பிக்கு நிறுத்திடுவாரேன்னு பயப்படுறீங்களா? நான் பாத்துக்கறேன். எங்கயும் நிறுத்தவிட மாட்டேன்."

ஆயா ஒருத்தி துணி எடுக்க உள்ளே வந்தாள். லுவா வெளியே வந்துவிட்டாள். சொல்லியாயிற்று, புரிந்துகொண்டிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவனுக்குப் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

ஆம்புலன்சில் வின் தலைமாட்டில் உட்கார்ந்தான். மகள் தூயி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, அன்று காலை தையல் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த சீருடையே இன்னும் உடம்பில் இருந்தது. லுவா கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வின் வாய்க்குள் எண்ணி எண்ணி அழுத்தினான். நெல்வயலும் தகரக் கூரையும் ஜன்னலில் ஓடின. தோங் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை.

ஃபெர்ரியில் வண்டியை ஏற்றினார்கள். நடுப்பகல். அவித்த சோளம் விற்பவளும் லாட்டரிச் சீட்டுக்காரரும் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கிடப்பவரைக் கண்டதும் தலையைக் குனிந்து நகர்ந்தார்கள். ஹௌ ஆறு அங்கே அகலம் அதிகம், அக்கரை போக இருபது நிமிஷம் ஆகும். நடு ஆற்றில் வின் இரண்டு விரலைச் சாங்கின் கழுத்தில் வைத்தான். எடுத்தான். இன்னொரு பக்கம் வைத்தான். லுவா ஆற்றைப் பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப்பை அவன் காதில் மாட்டும் சத்தம் கேட்டது. பார்க்கக்கூடாது, திரும்பக்கூடாது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பை அழுத்துகிற சத்தம் நின்றது.

"அக்கா, மன்னிச்சிடுங்க. நாடி இல்ல. பதினொண்ணு நாப்பது." அவன் அழுதுகொண்டிருந்தான். "என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொன்னேனே அக்கா."

தூயி அப்பாவின் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அம்மா? அப்போ அப்பாவை உள்ள விடமாட்டாங்களா?"

லுவா எழுந்தாள். கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு இரண்டே எட்டு. "அழுத்து" என்றாள்.

"போயிட்டாருக்கா."

"தெரியும். அழுத்து."

வின் புரியாமல் விழித்தான். அவள் பையை அவன் கையிலிருந்து வாங்கித் தானே அழுத்தினாள். சாங்கின் மார்பு எழுந்தது, இறங்கியது. மறுபடி எழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த வின்னின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இதுவா?" என்றான். "இதுதானா உங்க கைராசி?"

அவள் பையை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை பேரு?"

"ஏழு."

"ஏழு பேரு." அவன் குரல் எழும்பவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்ன தப்பு செஞ்சேன்னு உங்களைத்தானே வந்து கேட்டேன். என் கையைப் பாத்துக்கிட்டே மாங்கா தின்னீங்களே அக்கா."

"வின்..."

"பேசாதீங்க. எண்ணிக்கை தப்பிடும்" என்றான். ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

ஃபெர்ரி கரை தட்டியது. அதற்குப்பிறகு முக்கால் மணி நேரம் வண்டி, அரைமணி நேரம் படகு; படகையும் தோங்தான் ஓட்டினார். அத்தனை நேரமும் லுவா அழுத்தினாள். கட்டைவிரல் மரத்துப்போனது, கையை மாற்றினாள். இருபத்துமூன்று வருடமாக இந்தப் பையைப் பிடிக்கும்போது அவள் மனதில் வீடு மட்டும்தான் இருக்கும், இன்னும் எத்தனை வளைவு, எத்தனை பாலம் என்று. அன்றைக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இவர் இல்லை, இவர் இல்லை. "அத்தைகிட்டச் சொல்லாத" என்று மகளிடம் சொன்னாள். தூயி தலையாட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

படகுத்துறைப் பலகை குறுகலானது. தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் பிடித்தபோது லுவா நடக்க இடமில்லை. ஒரு கணம் பை காற்றில் நின்றது. வின் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நடந்தபடி, கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே அழுத்திக்கொண்டு வாசல்வரை வந்தான்.

வாசலில் நாத்தனார் தோவா நின்றிருந்தார். கையை அகல விரித்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். லுவா "அண்ணி" என்றாள்.

"நீ இரு. உங்கிட்டக் கேக்கல. பொண்டாட்டி வாய் எதையும் சொல்லும்." அவர் வின்னிடம் திரும்பினார். உடம்பெல்லாம் சேறாக நின்ற அந்தப் பையனுடைய சட்டையைப் பிடித்தார். "தம்பி, நீ சொல்லு. உங்கம்மா மேல ஆணையா சொல்லு. என் தம்பி மூச்சோட வந்திருக்கானா?"

தூயி தரையைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு நின்றவர்கள் அசையவில்லை. அவன் என்ன சொல்வான் என்று லுவாவுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொன்னால் தார்ப்பாய் தேடி ஆள் ஓடும். அவள் கையைக் கூப்பவில்லை, கண்ணாலும் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற முகம் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வின் இரண்டு விரலைச் சாங்கின் கழுத்தில் வைத்தான். மறு கை பையை அழுத்த, வெகுநேரம் வைத்திருந்தான். காது சிவந்திருந்தது.

"இருக்குங்கம்மா" என்றான். "சன்னமா இருக்கு. வீடு வரட்டும்னு காத்திருந்திருக்காரு. பேசவேண்டியவங்க சீக்கிரம் பேசிடுங்க."

நாத்தனார் வழியை விட்டார். சாங்கைப் பலகையில் கிடத்தினார்கள். மாடத்தில் ஊதுவத்தி புகைந்தது. அக்கம்பக்கத்தார் காலைத் தொட்டார்கள், நாத்தனார் தம்பியின் நெற்றியில் நெற்றியை வைத்து என்னவோ முணுமுணுத்தார். வின் ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தான். மார்பு எழுந்தது, இறங்கியது. லுவா அதைப் பார்த்தாள். இருக்கு என்று அவன் சொன்ன குரல் இன்னும் காதில் இருந்தது. ஒருவேளை ஃபெர்ரியின் அதிர்வில் விரலுக்குத் தட்டுப்படாமல் போயிருக்குமோ? அப்படியும் நடந்திருக்கிறதே. இவன் இப்போது நிதானமாகப் பார்த்துத்தானே சொன்னான்?

அவ்வளவையும் அறிந்தவள் அதை நம்பினாள். நம்பினதும் தொண்டை திறந்துகொண்டது.

"ஏங்க" என்றாள். "வீட்டுக்கு வந்தாச்சுங்க. இது நம்ம பலகைதான். தூயி வந்திருக்கா பாருங்க, சீருடைகூட மாத்தல. நீங்க பாதியில விட்ட எஞ்சினை ஆறாம் வாய்க்கால் மெக்கானிக் பையன்கிட்டக் குடுத்துட்டேன், திட்டாதீங்க. ஒம்போது நாளா பேசலன்னு கோவமா? பேசவராம இல்லங்க. பேசினா நீங்க கேக்கலன்னு தெரிஞ்சிடுமோன்னு பயந்துட்டேன். நீங்க என்ன கேட்டாலும் உம்முனு இருந்தேன், அதுக்கும் சேத்துத் திட்டிக்குங்க. மனசுக்குள்ள வேணாம், வாய்விட்டே திட்டுங்க." பேசிக்கொண்டே போனாள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவள் மட்டும் அழாமல், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

வின் காத்திருந்தான். பேச்சு ஓய்ந்ததும் பிளாஸ்திரியைத் தோல் உரியாமல் மெல்ல எடுத்தான். குழாயை உருவினான். வாயோரம் துடைத்தான். மார்பு ஒருமுறை தாழ்ந்தது, அப்புறம் எழவில்லை. லுவா காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

வின் கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணு இருபது" என்றான்.

லுவா போட்ட கூச்சல் கால்வாய்க்கு அந்தப் பக்கமும் கேட்டது. மயங்கி விழப்போனவளை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் வேலை பார்த்தவள், எத்தனை சாவு பார்த்தவள், இப்படியா உடைவாள் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வின் தண்ணீர்த் தொட்டியருகே கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல கை தம்பி இது. ராசியான கை" என்றார். அவன் கையை இழுத்துக்கொண்டு மறுபடியும் கழுவினான். அவர் உள்ளே போனபிறகும் கழுவிக்கொண்டிருந்தான்.

லுவா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வின்னுக்கு முன்னால் நின்றாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வந்து நின்றது. அவனே முதலில் பேசினான்.

"ஒரு வார்த்தைதானே அக்கா" என்றான். "இருக்குன்னு ஒரு வார்த்தை. இவ்வளவுதானா? இது தெரியாமத்தானா அந்தப் பெரியவரை மழையில போட்டேன்?"

அவள் மகளின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"அவர் பேரு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. எந்தக் கால்வாய், எந்த வீடு, எத்தனை பிள்ளைகள், எதையும் அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. லுவா தலையை அசைத்தாள்.

வின் அவர் பெயரைச் சொல்லவில்லை. காலியான ஆம்பு பையையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு, சேறு காயாத காற்சட்டையோடு படகில் ஏறி உட்கார்ந்தான். தோங் துடுப்பால் கரையைத் தள்ளினார். உள்ளேயிருந்து நாத்தனார், துக்கத்துக்குத் தலையில் கட்டும் வெள்ளைத் துணி கிழிக்கக் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டுக் கூப்பிட்டார். லுவா எடுத்துக் கொடுக்கப் போனாள்.